சுழியம், சுழியம்

“பிறகு நினைவூட்டு” என்று பதினொரு வாரம் தள்ளினேன்.
நேற்றிரவு, ஏதோ நல்ல மனநிலையில்,
“இப்போதே” என்று அழுத்திவிட்டேன்.
அவ்வளவுதான் என் குற்றம்.

ஹெல்தெர்மா துறைமுகம். அதிகாலை மூன்றே கால்.
கடல் பக்கமிருந்து பனி படுக்கைவாட்டில் வீசுகிறது.
ஐந்தரைப் படகுக்கு இடம் எடுத்த
நாற்பத்தோரு வண்டிகளின் பட்டியல்
இந்தப் பெட்டிக்குள்.
பெட்டி சொல்கிறது:
வேரை ஏற்ற முடியவில்லை,
அறியாத இடம், சுழியம், சுழியம்.
அதையும் எஸ்தோனிய மொழியில் சொல்லவில்லை.
கெர்னலுக்குப் பதற்றமாம்.
எனக்கு முன்னால் அது பதறிவிட்டது.

அணைத்துப் போட்டேன்.
மறுபடி அணைத்துப் போட்டேன்.
மூன்றாம் முறை அணைத்துவிட்டு
கெட்டிலில் நீர் வைத்து வந்து போட்டேன்,
கொஞ்சம் ஓய்வு கொடுத்தால் மனம் மாறுமோ என்று.
மீலிஸ் இருந்தால் சிரித்திருப்பான்.
இதில் லினக்ஸ் ஏற்றியவன் அவன்.
“இது ஒருநாளும் விழாது” என்றான்.
விழாது என்று அவன் சொன்னவற்றில்
எங்கள் கொட்டகைக் கூரையும் இருந்தது,
நாங்களும் இருந்தோம்.

இப்போது அவன் தார்த்துவில். எண் இருக்கிறது.
விரல் பெயர்மேல் போய் நின்றது.
இந்த நேரத்தில் முன்னாள் மனைவி அழைத்தால்
யாரோ செத்துவிட்டார்கள் என்றுதான் எடுப்பான்.
கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி எழுப்பினேன்.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து.
இரண்டாம் வரிக்குள் நுழைந்தால்
வரிசையாக நிற்கின்றன கெர்னல்கள், ஒன்பது.
ஆறு வருடம் வந்ததில் ஒன்றைக்கூட
நாங்கள் வெளியே அனுப்பியதில்லை.
தலைமாட்டில் நேற்று வந்தது.
அம்பை ஒரு படி இறக்கினேன்,
முந்தாநாள்வரை வேலை பார்த்ததன் மேல்.
என்டர்.

ஆலங்கட்டிபோல் எழுத்துகள் கொட்டின.
சரி, சரி, சரி என்று பச்சையில்
இடது ஓரம் முழுக்க யாரோ
தலையாட்டிக்கொண்டே போனார்கள்.
நான்கு மணி ஆறு நிமிடத்துக்குத் திரை வந்தது.
பின்னணிப் படத்தில் இன்னும் எங்கள் நாய்,
வாயில் என் ஒற்றைச் செருப்பு.

முதலில் அச்சடித்தேன். நாற்பத்தொன்று.
பிறகுதான் ஏன் என்று கேட்டேன்.
பூட் பகுதி: நூறு சதவீதம். எள் போட இடமில்லை.
புதியது வந்திருக்கிறது,
பாதிச் சாமானை உள்ளே வைத்திருக்கிறது,
மீதியோடு வாசலில் நின்றபடியே
வேலையில் சேர்ந்துவிட்டதாகக் கையெழுத்தும் போட்டிருக்கிறது.

கண்ணாடியைத் தட்டினார் பால் லாரி ஹெல்துர்.
“படகு உண்டா?”
“உண்டு.”
“பின்னே ஏன் முகம் அப்படி?”
“இடம் இல்லை.”
“படகிலா?” என்று பதறிவிட்டார் மனிதர்.

ஒவ்வொன்றாக நீக்கினேன்.
ஐந்து புள்ளி நான்கு: அதை ஏற்றிய வாரம் கூரை ஒழுகியது.
ஐந்து புள்ளி எட்டு: ஒன்றும் நினைவில்லை.
ஐந்து புள்ளி பதினொன்று: அவன் பெட்டி கட்டிய மாதம்.
ஒவ்வொன்றுக்கும் உறுதிதானா என்று கேட்டது.
ஒய். என்டர். ஒய். என்டர்.
ஏழு போயின.
எட்டாவதில் கை வழுக்கியது;
நீ இதன்மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறாய்,
வேண்டாம், என்று தடுத்தது.
அதற்காவது அறிவிருக்கிறது.

புதியதன் மீதிச் சாமானை உள்ளே வைக்கச் சொன்னேன்.
வைத்தது. முணுமுணுக்கவில்லை.

ஐந்தரைக்குப் படகு கிளம்பியது, நாற்பத்திரண்டு வண்டிகளோடு.
பட்டியலில் இல்லாத ஒரு நீல வேன்
எப்படி ஏறியது என்று இனி யாராவது கேட்பார்கள்.
அதன் விளக்குகள் பனிக்குள் மங்கும்வரை
மறுதொடக்கம் செய்யத் துணிவு வரவில்லை.

பிறகு அழுத்தினேன்.
அழுத்திவிட்டுத் திரைக்கு முதுகு காட்டி
கோப்பையைக் கழுவிக்கொண்டு நின்றேன்,
ஏற்கெனவே கழுவியதை மறுபடியும்.
விசிறி நின்றது.
விசிறி சுற்றத் தொடங்கியது.