அகலம்

குர்லாவில் ரயில் நின்றபோது
எண் வந்துவிட்டது: நூற்று முப்பத்தாறு.
மடிக்கணினியின் மேல்
எவளோ ஒருத்தியின் பையிலிருந்து உதிர்ந்த
வெந்தயக்கீரை ஒரு கொத்து.

நூற்று முப்பத்தாறு மெகா எலக்ட்ரான் வோல்ட்,
கிளர்ந்த மீசான் ஒன்றின் அகலம்.
அகலம் என்றால் இடமல்ல,
ஆயுளைத் தலைகீழாகச் சொல்லும் முறை.
எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் சாவு.
புள்ளிக்குப் பின் இருபத்து மூன்று சுழியம்,
அப்புறம் ஓர் ஐந்து.
அத்தனை நொடிதான் அது இருக்கும்.
அதற்கு நான் ஏழு மாதம் செலவழித்திருக்கிறேன்.

என் பெயர் வடிவம்மை.
தரகர் கிஷோர் பாட்கர் வாயில் அது நுழையாது.
'வாடி மேடம்' என்பார்.
இந்த ஊரில் என்னை வாடி என்று கூப்பிட
வேறு ஆளில்லை;
அதற்காகவே அவரை மாற்றவில்லை.

'செம்பூர், மூணாவது மாடி, ராத்திரியும் தண்ணி வரும்.
சொசைட்டியில கேக்கறாங்க மேடம்,
தனியாவா?'
'தனியாத்தான்.'
மறுமுனையில் குக்கர் விசில், மூன்று.
'பாக்கலாம் மேடம்.'

குவார்க்கும் தனியாக வெளியே வராது.
இரண்டைக் கட்டியிருக்கும் இழை
இழுக்க இழுக்கத் தளராது.
எத்தனை தள்ளிப் போனாலும் அதே இறுக்கம்.
பிறகு ஒரு கட்டத்தில் அறும்.
அறுந்த கணத்தில்
ஒன்றுமில்லாததிலிருந்து புதிதாய் ஓர் இணை பிறந்து
முனைக்கு ஒன்றாய் ஒட்டிக்கொள்ளும்.
பிரிந்தவர் இருவர், போனவர் நால்வர்.
சொசைட்டி செயலாளர் கேட்டால்
சட்டம் போட்டு மாட்டிவிடுவார்.

அந்தப் புது இணை எவ்வளவு எளிதில் பிறக்கும்?
கோட்பாடு சொல்லாது.
காமா என்றோர் எண் வைத்திருக்கிறோம்,
தமிழில் எழுதினால் கடைசி எழுத்தைக்
கோட்டைவிட்ட மாதிரி இருக்கும்.
அளந்து முடித்த சிதைவுகளுக்கு அதைப் பொருத்தி,
கண்ணில் படாத மீசானுக்கும்
அதே அளவில் சட்டை வெட்டுகிறோம்.
சில சமயம் தோளில் உட்காரும்.

ஆற்றல் கணக்கில் ஐந்து வாசல் திறந்திருக்கிறது.
நான்கிலேயே முழு அகலமும் தீர்ந்துவிடுகிறது.
ஐந்தாவதில் சுழியம்.
பூட்டில்லை, விலக்கும் விதியில்லை.
அலைச்சார்பில், கரும்பில் போல, ஒரு கணு;
அங்கே குறி மாறுகிறது.
இந்தப் பக்கத்துக் கூட்டலை
அந்தப் பக்கத்துக் கழித்தல்
மிச்சமில்லாமல் தின்றுவிடுகிறது.
'வீடு காலிதான் மேடம், வாடகையும் குடுத்துடுவீங்க,
ஆனாலும்...'
என்று பாட்கர் முடிக்காமல் விட்டது
இதைத்தான்.

நவம்பரில் அளவீடு வந்தது.
கொலாபாவில், கடல் உப்பேறித்
திறக்க மறுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில்
மெஹர்னாஸ் படத்தை நீட்டினாள்.
எழுபத்தொன்று, கூடக்குறைய பத்தொன்பது.
என் எண் கிட்டத்தட்ட இருமடங்கு.
'அத விடு. அஞ்சாவதப் பார்.'

பின்னணியைக் கழித்தபின்
பதினேழு நிகழ்வுகள்.
பிழைக்கோடு நீளம்தான், ஒட்டடைக்கம்பு மாதிரி.
ஆனாலும் அதன் கால்
சுழியத்தில் படவில்லை.

கணு நான் வைத்த இடத்தில் இல்லை.
பக்கத்து நிலை ஒன்று கலந்து
அதை நகர்த்தியிருக்க வேண்டும்.
கலப்புக் கோணத்தைச் சேர்த்து
எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும்.
அழ வேண்டிய நேரம்.
நான் மறுபடி எண்ணிப் பார்த்தேன், விரல் விட்டு,
ரேஷன் கார்டில் பெயர் சரிபார்ப்பதுபோல்.
பதினேழுதான்.

போன் அடித்தது.
'வாடி மேடம், அந்த செம்பூர் வீடு போச்சு,
ஃபேமிலி வந்துட்டாங்க.
மான்குர்டுல ஒண்ணு இருக்கு, தண்டவாளத்துப் பக்கம்.
இந்த சொசைட்டியிலயும் கேப்பாங்க,
எத்தன பேர்னு சொல்லட்டும்?'

பதினேழு என்று
வாய்வரை வந்தது.