விலங்குச் சுழி

சலாலாவில் கரீஃப் தூறல்.
பிக்கப்பின் பின்கதவைத் திறந்தும்
பதினாறு மாதக் காளை
இறங்க மறுத்தது.

பகீத் சொன்னது அறுநூறு ரியால்.
முசல்லம் விலையைப் பேசவேயில்லை.
"இதன் தாய் எங்கே?"

தாயைத் துறையில் பார்த்தால் போதும் என்பார்கள்
எங்கள் பக்கம், பெண்ணெடுக்கையில்.
இங்கே காளைக்கும் அதே கதை.
அதையும் வைத்துக்கொண்டே மலையேறினோம்,
நாற்பது நிமிடம்,
மூடுபனியில் ஹாரன் அடித்தபடி.

தாய் ஒன்றும் பெரிதில்லை. கறுப்பு, குட்டை.
மடியைத் தொட்ட முசல்லத்தை
முழங்காலில் உதைத்தாள்.
அவர் சிரித்தார்.
பிறகு காளையின் பல்லைப் பார்த்தார்,
விரையைக் கையில் ஏந்தி எடை பார்த்தார்.
முப்பது பசு காத்திருக்கிறது என்றார்.

கயிறு என் கையில்.
அப்போதுதான் கண்ணில் பட்டது
முன்னங்காலில், முட்டிக்குக் கீழே
சுழி.
வாங்கியவன் கம்பி எண்ணுவான் என்று
மணப்பாறைச் சந்தையில்
பாதி விலைக்கும் தொடமாட்டார்கள்.

சொல்ல என்னிடம் அரபி வார்த்தை இல்லை.
இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா?
கமிஷன் பதினைந்து ரியால்.

ஐந்நூற்று எழுபதுக்குக் கை குலுக்கினார்கள்.

இறக்கத்தில் கண்ணாடி வழியே பார்த்தேன்.
காளை தன் முன்னங்காலை
நக்கிக்கொண்டே வந்தது,
சுழி கலைந்து
மயிர் ஒரே பக்கமாய்ப் படியும்வரை.