மொத்: ஆணி

பட்டியலில் இரண்டாயிரத்துச் சொச்சம் சொல்.
இடப்பக்கம் கொரியன், வலப்பக்கம் சிங்களம்.
ஹட்டனில் பேக்கரிக்கு மேல்மாடி வகுப்பு,
நாற்பது பேருக்கும் ஒரே போட்டோக்கொப்பி.
எனக்கும் டிக்கோயா ஜெபநேசனுக்கும் மட்டும்
அடிமட்டம் வைத்து இன்னொரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது,
தமிழுக்கு.
கொரியன் எழுத்தின் தலைக்குமேல் பொடியாய் அதன் ஒலி.
சிலவேளை சிங்களச் சொல்லுக்கே
அகராதி தேடினேன்.

பகலில் ஹார்ட்வெயார் கடை.
லாச்சிகளில் துண்டுத் துண்டாய் ஒட்டிவைத்தேன்:
மாங்ச்சி, சுத்தியல். ஜங்கப், கையுறை.
"கொரியாக்காரனா இங்க வந்து ஆணி வாங்கப்போறான்?"
என்றார் சலாவுதீன் முதலாளி.
கிழிக்கவில்லை.
ஒருநாள் வாய்தவறி அவரே,
"தம்பி, அந்த மாங்ச்சிய எடு."

இரவில் சத்தியகலா கேட்பாள்.
மலையிறங்கி வந்து, சோறு வடித்துவிட்டு,
கொழுந்துக் கறை போகாத உள்ளங்கையால்
அர்த்தங்களை மூடிக்கொண்டு.
"வொல்கூப்?"
சம்பளம்.
"ஹ்யூகா?"
லீவு.
"வீஹொம்?"
வாய்வரை வந்து நிற்கும்.
நான் தவிப்பதைக் கொஞ்சம் ரசித்துவிட்டு
கையை எடுக்காமலே சொல்வாள்:
"ஆபத்து."

'சா' இரண்டு இடத்தில் வந்தது.
குடிவகையில் தேத்தண்ணி,
போக்குவரத்தில் வாகனம்.
"அப்ப கொழுந்துக்கு?"
தேடினோம்.
பன்றிப்பண்ணை இருந்தது, கப்பல்தளம் இருந்தது,
வெங்காயத்தில் இரண்டு வகை இருந்தது.
கொழுந்து இல்லை.
"நல்லதாப் போச்சு" என்று
பக்கத்தைத் திருப்பினாள்.

பரீட்சைக் கட்டணம் சீட்டுக் காசில்
ஒருத்தருக்குத்தான் சேர்ந்தது.
யாருக்கு என்று நாங்கள் பேசியதே இல்லை.

முதல்நாள் ராத்திரி லயத்துக்கே கரண்ட் இல்லை.
மெழுகுதிரியும் முடிந்துபோனது.
படுத்தபடி அவள் கேட்கத் தொடங்கினாள்,
ஏழாம் பக்கத்திலிருந்து, வரிசை பிசகாமல்.
நானும் சொல்லிக்கொண்டே போனேன்,
சரி, சரி, இது பிழை, இது சரி.
எட்டாம் பக்கமும் முடிகிற நேரம்தான் உறைத்தது,
இந்த இருட்டில் இவள்
எதைப் பார்த்துக் கேட்கிறாள்?

"மொத்?"
ஆணி என்றேன். என் கடைச் சொல், விடுவேனா.
"இன்னொன்னு இருக்கு.
போறது வாறதுக்கு முன்னால வந்தா
முடியாதுன்னு அர்த்தம்.
பதினாலாம் பக்கத்து ஓரத்துல
நீயேதான் பென்சில்ல எழுதியிருக்க."

கூரையில் ஆணி கழன்ற தகரம் ஒன்று
காற்றுக்கு எழும்பி எழும்பி அடித்தது.
கடையில் ஒரு லாச்சி நிறைய இருக்கிறது,
கொண்டுவர வேண்டும், வேண்டும் என்று
ஆறு மாதம்.

"இனி நான் கேக்கிறன், நீ சொல்லு" என்றேன்.
அவள் என் பக்கம் திரும்பிப் படுத்துக்
காத்திருந்தாள்.
பட்டியல் இல்லாமல், அந்த இருட்டில்,
கேட்பதற்கு எனக்கு
ஒரு சொல்லும் வரவில்லை.