கரடி வளையம்

ஒரே ஒருவருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது
கூட்டத்துக்குக் காட்டுவதைவிடக் கடினம்.
இருபது பேர் என்றால்
யாராவது ஒருவர் செருப்பில் புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருப்பார்;
அந்தச் சந்தில் மறந்துபோன ஆண்டைத் தாண்டி
அடுத்த ஆண்டில் குதித்துவிடலாம்.
பெர்கனிலிருந்து வந்த ஹால்வர்
தொண்ணூறு லாரியை முன்னதாகவே கொடுத்துவிட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

திபிலிசியில் அது நவம்பர்.
சொலொலாக்கி முற்றங்களுக்கு மேலே
திராட்சைக்கொடி இலையெல்லாம் கொட்டி
கம்பியோடு கம்பியாகக் கிடந்தது.
பூட்டாத ஒரு கதவைத் தள்ளி
கூரை ஓவியத்தைக் காட்டினேன்:
பாதி தேவதைகள், பாதி ஈரம்.
கீழே பதினொரு மின்மீட்டர்கள்.
"கதவைச் சாத்து லாம்சிரா, பூனை ஓடிவிடும்!"
மாடியிலிருந்து சிசானாவின் குரல்.
என்ன சொல்கிறார் என்று கேட்டார் ஹால்வர்.
வரவேற்கிறார் என்றேன்.

அதுவரை அவ்வளவுதான் பொய்.

பெத்லெமி படிக்கட்டில் அவர் நின்றுவிட்டார்.
சுவரில், முழங்கால் உயரத்தில்
துருவேறிய ஓர் இரும்பு வளையம்.
பதினான்கு வருடமாக அந்த வழியில் ஏறுகிறேன்,
என் கண்ணில் பட்டதே இல்லை.

"இது எதற்கு?"

தெரியாது என்று சொல்ல எங்கள் மொழியில்
மூன்றே அசை போதும்: அர் விட்ஸி.
மூன்றும் நாக்கு நுனிவரை வந்து
தொண்ணூறு லாரியைப் பார்த்துவிட்டு
திரும்பிப் போயின.

"கரடி" என்றேன்.
கம்பளி வியாபாரி ஒருவர் வளர்த்தது.
"பெயர்?" அவர் நோட்டைத் திறந்துவிட்டார்.
"பாபிலோ."
அது என் பல் மருத்துவரின் பெயர்.
அதற்குப்பின் கரடி தானாகவே நடந்தது,
நான் பின்னால் போனேன்.
சனிக்கிழமை கந்தகக் குளியலுக்குக் கூட்டிப்போவார்கள்,
முதுகு தேய்ப்பவன் இரட்டைக் கூலி கேட்பான்.
ஒரு பனிநாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு
ரொட்டி அடுப்போரம் போய்ப் படுத்துவிட்டது,
எழுப்பத் துணிவில்லாமல்
தெருவே அன்று ரொட்டி தின்னவில்லை.
ஹால்வர் சிரித்தார்.
இரண்டு மணி நேரத்தில் முதல்முறை.

ஏப்ரலில் அதே படியில்
சிவப்புக் குடைக்காரன் ஓதியா
முப்பது ஜெர்மானியர்களுக்கு நடுவே
வளையத்தைத் தொட்டுக்காட்டிக்கொண்டிருந்தான்.
அவனுடைய கரடி வெள்ளை.
பேசாமல் போயிருக்கலாம்.
"பழுப்பு" என்று திருத்திவிட்டு இறங்கினேன்.

கோடையில், வால்நட் மாலை விற்கும் எலிக்கோ
என் விருந்தாளியிடமே சொன்னாள்:
அவள் மாமியாரின் அத்தை
பால்கனியிலிருந்து அதற்கு ஆப்பிள் போடுவாளாம்.
"புளித்த ஆப்பிள் என்றால் மேலே திருப்பி எறியும்."
எனக்கு அது புதிது.
மறுநாளிலிருந்து நானும் சொல்லத் தொடங்கினேன்.

போன மாதம் சுவருக்குப் பூச்சு வேலை.
கொத்தனார் ரம்பத்தை வளையத்தில் வைத்ததும்
சிசானா வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள்,
பூனை ஓடியதைக்கூடக் கவனிக்காமல்.
எலிக்கோ வந்தாள். எனக்கு முகம் தெரியாதவர்களும் வந்தார்கள்.
"கரடி வளையத்தைத் தொடாதே!"
பாவம், அவன் குதைசி பக்கத்துப் பையன்.
கழுத்தில் அட்டை தொங்குவதால்
என்னிடம் திரும்பினான்:
"அக்கா, நிஜமாகவே இது எதற்கு?"

அர் விட்ஸி என்றேன்.
உரக்கவே சொன்னேன்.

எல்லாரும் சிரித்தார்கள்.
லாம்சிராவுக்கா தெரியாது, என்றாள் சிசானா,
காசு கொடுக்காதவனுக்குச் சொல்லமாட்டாள், அவ்வளவுதான்.

பையன் ரம்பத்தைச் சாக்கில் போட்டான்.
வளையத்தைச் சுற்றி ஒரு சாண் மட்டும் பூசாமல்
பழைய செங்கலை அப்படியே விட்டுப் போனான்.
வியாழக்கிழமை எனக்குப் பல் மருத்துவர்.
வாயைத் திறந்துகொண்டு
அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேனோ.