ஞாயிறு ஐந்து மணி வரை

வெள்ளி நான்கு மணியிலிருந்து
ஞாயிறு ஐந்து மணி வரை
என்று தாளில் இருந்தது.
நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல்
கையெழுத்துப் போட்டு
அப்பாவை வாங்கிக்கொண்டேன்.

தாதி ஹோதன்
நாள்வாரியாகப் பிரித்த மருந்துப் பெட்டியோடு
இரண்டு மாத்திரைகளைத் தனியாக மடித்துத் தந்தாள்.
பனி சாலையை மூடிவிட்டால், என்றாள்.
இரண்டு மாத்திரை. இன்னும் ஒரு நாள்.
கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

கெமியார்விக்கு வெளியே
இதே சாலையில்தான் முப்பத்தொரு வருடம்
பனி தள்ளும் லாரி ஓட்டினார்.
என் பெயர் நடுவில் ஒருமுறை நழுவியது.
வளைவு நழுவவில்லை:
'இங்கே பிரேக்கைத் தொடாதே, இர்யா.'
வளைவுதான் என் பெயரையும்
எடுத்துக் கொடுத்தது.

வீட்டு வாசலில் நின்று
கதவைத் தட்டினார்.
சாவி என் கையில் இருந்தது.
உள்ளே ஒருவரும் இல்லை.
ஆனாலும் இரண்டு பேரும்
கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

அக்டோபரில் அவர் கட்டிலை விற்றிருந்தேன்.
யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மடக்குக் கட்டிலில் உட்கார்ந்து
இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார்.
'புதுசா?'
ஆமாம் என்றேன்.
காபிக்குக் காசு தனியா என்று கேட்டார்.
இல்லை, அறை வாடகையிலேயே சேர்த்தி என்றேன்.
சிரித்தார். அப்போதுதான்
அது கிண்டல் என்று எனக்கு உறைத்தது,
அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

சனி மாலை சவுனா.
மேல்படி ஏற முடியாது; கீழ்ப்படியில் உட்கார வைத்தேன்.
வெந்த கல்லில் ஒரு அகப்பை நீர்.
'இன்னும்.'
இன்னொன்று.
'இன்னும்.'
முதுகு தேய்த்தேன். இவ்வளவு சின்ன முதுகா
அவ்வளவு பெரிய ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தது?
ஆவிக்குள் முகம் தெரியவில்லை.
'போதும்' என்ற குரல்
என்னிடம் சொன்னதுபோல் இல்லை.

அன்று இரவு
ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வெட்கமில்லாமல்,
கொட்டு என்று கேட்டேன்.
கொட்டியது.
முழங்கால் அளவு.

நான்கு மணிக்கு மடக்குக் கட்டில் காலி.
நடைச்சட்டம் வாசலறையில் நிற்கிறது,
பூட்ஸைக் காணவில்லை.
இரவுச் சட்டைமேல் கோட்டை இழுத்துப் போட்டு ஓடினேன்.

விளக்கடியில் அப்பா
பனிவாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார்.
அகலத் தகடு, வளைந்த கம்பிப்பிடி.
சாய்ந்துகொள்ள இதைவிட நல்ல நடைச்சட்டம்
எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.
நாலடி. நிற்பார். புகையாக ஒரு மூச்சு. நாலடி.
'என்ன செய்றீங்க?'
'டாக்சி திரும்ப இடம் வேணும்.'
'அது சாயங்காலம் தானே.'
'சாயங்காலத்துக்குள்ள இறுகிடும்.'

பிடியில்
இன்னும் இரண்டு கைக்கு இடம் இருந்தது.
பிடித்துக்கொண்டேன்.
என் பக்கம் வழி கோணலாகப் போயிற்று;
ஒன்றும் சொல்லாமல்
திரும்ப வந்து நேராக்கினார்.

முடிக்கிற நேரம் சாலையில் மஞ்சள் விளக்கு.
பனி லாரி.
அப்பா நிமிர்ந்து கையைத் தூக்கினார்.
அது நிற்காமல் போனது,
நாங்கள் திறந்த வாய்க்குக் குறுக்கே
இடுப்பளவு வரப்பு ஒன்றைக் கட்டிவிட்டு.
'தகட்டைத் தூக்கத் தெரியல பையனுக்கு'
என்றார், அத்தனை சந்தோஷமாக.
அதையும் வாரினோம்.

நாலரைக்கு டாக்சி. அதற்குள் இருட்டு.
சீட் பெல்ட்டை நான் மாட்டும்போது
காதருகில் கேட்டார்:
'பழைய கட்டில் எவ்வளவுக்குப் போச்சு?'
'நாற்பது யூரோ.'
'கம்மி' என்றார்.

உள்பையில் அந்த இரண்டு மாத்திரைகள்.
ஓட்டுநர் ஸ்டியரிங்கை ஒடித்தார்.
பின்னால் எடுக்கவேண்டி வரவில்லை,
ஒரே வளைவில்
திரும்பியது.