இறந்தகாலம்

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியறை.
கீழே ஜெராக்ஸ் கடை, மேலே லண்டன்.

"நெசமான்னு யாரும் பார்க்க மாட்டாங்க,
நிறுத்தாம பேசணும், அவ்வளவுதான்"
என்றார் பெர்லின் மேடம்.

அதனால் ஆங்கிலத்தில் எனக்கு
ஏரிக்கரையில் ஒரு வீடு,
ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்கும் பழக்கம்,
மாரத்தான் ஓடிய ஒரு மாமா.
ஆறரை வாங்கிவிடுகிறது அந்த வாழ்க்கை.

நேற்று வந்த அட்டையில்
பக்கத்து வீட்டுக்காரர்.
யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு.

யோசிக்கவில்லை.
சிங்காரத்தோப்பில்
எங்கள் சுவரும் அவள் சுவரும் ஒன்று.
தானே புயல் அன்று
தன் வீட்டுக் கூரை போன பிறகு
எங்கள் கதவுக்கு முதுகு கொடுத்த அஞ்சலாட்சியக்காவை
ஷீ ஈஸ் ஹோல்டிங் த டோர் என்றேன்.
விடியவிடிய என்பதற்கு ஒன்றும் கிடைக்காமல்
ஹோல்டிங், ஹோல்டிங் என்றேன்.

செல்போன் மணி அடித்து ஓய்ந்தது.
நான் ஓயவில்லை.
மேடமும் கை காட்டவில்லை.

பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து
ஐந்து போட்டார்.
"முடிஞ்சு போனதை
இறந்தகாலத்துல சொல்லணும்."

கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.

"அந்தம்மா இப்ப இருக்காங்களா?"
தமிழில்தான் கேட்டார்.

இருக்காங்க மேடம்.
காலையில்கூட
எங்க வீட்டுச் சுத்தியலைக் கேட்டாங்க.

பதினெட்டாயிரம் கட்டியாயிற்று.
இன்னும் ஒன்பது நாள்.
ஏரிக்கரை வீட்டுக்கு
ஜன்னல்கள் வைத்துவிட்டேன்,
திரைச்சீலைகூட.
கதவுக்கு வரும்போதுதான்
வாய் குழறுகிறது.