களம்

மாங்குளம் சந்தியில் இருந்து ஒட்டுசுட்டான் ரோட்டில்
மூன்றாவது தகரக் கொட்டில் என்னுடையது.
கேற், யன்னல் கிறில், உழவு மெசின் பெட்டியின் உடைந்த கொழுக்கி.
ஒட்டாது என்று ஒன்றையும் திருப்பி அனுப்பியதில்லை.

போன ஐப்பசியில் முதலில் தோசை நின்றது.
நெஞ்சுக்குழிக்கு நாலு விரல் மேலே
நின்று, யோசித்து, பிறகு இறங்கியது.
கார்த்திகையில் சோறு.
மார்கழியில் புட்டைக் குழம்பில் ஊறவைத்தும்
நின்ற இடத்திலேயே நின்றது.
றெஜினாவுக்குச் சொல்லவில்லை.
பின்பக்கம் போய் நாய்க்குப் போட்டேன்.
நாய் கொழுத்ததில்தான் அவள் பிடித்தாள்.

மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் படம் இருந்தது:
வாய், தொண்டை, களம், இரைப்பை.
இருபத்தைந்து சென்ரிமீற்றர் குழாய்,
முள்ளந்தண்டுக்கு முன்னால், மூச்சுக்குழாய்க்குப் பின்னால்,
இதயம் இடிப்பது கேட்கும் தூரத்தில்.
களமா என்று கேட்டேன்.
நெல்லடிக்கிற இடத்தை அப்படிச் சொல்வோம்.
மற்றதையும் சொல்வோம்.
"அப்பா, இது சோதினைக்கு வாறது"
என்றாள் நிதுர்சனா, பென்சிலால் கீறிக்கொண்டு.

கமரா விட்டுப் பார்த்த டொக்டர் கேட்டார்.
வெற்றிலை? ஓம்.
புகையிலையோடோ? அதில்லாமல் என்ன வெற்றிலை.
பீடி? தொண்ணூற்றெட்டில் விட்டது.
சாராயம்? ஒரு வேலை முடிந்தால்.
நாளைக்கு எத்தனை வேலை முடியும்? இரண்டு, மூன்று.
தேத்தண்ணி? அடுப்பால் இறக்கின கையோடு.
எழுதிக்கொண்டே போனார்.
இதில் எது என்று கேட்டேன்.
ஒன்றைச் சொன்னால் அதோடு கோபிக்கலாம்.
"எல்லாம் சேர்ந்தும் வரும், ஒன்றும் இல்லாமலும் வரும்."

தெல்லிப்பழையில், மெசினில் ஏற்ற முதல், ஒரு படம்.
அதில் என் வலத்தோளுக்குக் கீழே
வெள்ளையாய் ஒன்று,
நாலு பக்கமும் கீறல் விட்டுக்கொண்டு.
பௌதிகம் படித்த பிள்ளை எழும்பி வந்தாள்:
"ஐயா, உள்ளுக்கு என்ன?"
மாத்தளனில் வாங்கினது. மறந்தே போனேன்.
பதினைந்து வருசம் நோகவுமில்லை, சாப்பாடு கேட்கவுமில்லை.
"இரும்போ, ஈயமோ?"
நாற்பது வருசத்தில் இரும்பைப் பற்றி
இவ்வளவு கவனமாய் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை.
"உருக்கு, பிள்ளை" என்றேன்.
கதிர் அதில் பட்டால் சிதறும், கணக்குப் பிழைக்கும்,
கோணம் மாற்ற இரண்டு நாள் வேண்டும் என்றாள்.
தந்தேன்.

வெட்ட முதல் தகட்டில் நான் சோக்கால் குறிக்கிற மாதிரி
மார்பில் மூன்று கரும்புள்ளி குத்தினார்கள்.
ஐந்து கிழமை. சனி ஞாயிறு கதிருக்கும் லீவு.

பொறி இல்லை. மணம் இல்லை.
எங்கோ ஒரு தேனீயின் சத்தம்.
எல்லாரும் வெளியே போய்க் கதவைச் சாத்துகிறார்கள்,
முகமூடி இல்லாமல் படுத்திருப்பவன் நான் மட்டும்.
என் தொழிலில் நெருப்பைப் பார்க்கக் கூடாது.
இங்கே பார்க்க நெருப்பே இல்லை.
கலத்துக்குள்ளே நூலை அறுக்கிறதாம்.
நல்ல கலமும் அறுபடும்,
ஆனால் இரவில் தன்னைத் தானே தைத்துக்கொள்ளும்.
கெட்டதுக்குத் தையல் அவ்வளவு வராது.
அந்த இடைவெளியை நம்பித்தான்
ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாய்.

மூன்றாம் கிழமை பச்சைத்தண்ணியே மிளகாயாய் இறங்கியது.
அறுபத்தொரு கிலோ ஐம்பத்துமூன்று.
பக்கத்துக் கட்டில் சபாநடேசருக்குக் குடல் முடிகிற இடத்தில்.
"உனக்கு முன்வாசல், எனக்குக் கோடிப்பக்கம்,
ரெண்டு பேரையும் பொருத்தி ஒட்டினால்
ஒரு ஆள் வடிவாய்ச் சாப்பிடலாம்" என்றார்.
சிரித்தால் நோகும், சிரித்தேன்.
செவ்வாய்க்கிழமை அந்தக் கட்டிலில் வேறொருவர்.
வீட்டுக்கோ என்று நான் கேட்கவில்லை.
தாதியும் சொல்லவில்லை.

சனிக்கிழமை.
ஆனையிறவில் உப்புக்காற்று பஸ்ஸுக்குள் வந்துபோனது.
கொட்டில் வாசலில் யாரோ
அச்சு முறிந்த சைக்கிளைச் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.
றெஜினா சவ்வரிசிக் கஞ்சியை ஆற வைத்தாள்.
ஆறவிட்டுக் குடிக்க இப்போதுதான் பழகுகிறேன்.
ஒரு வாய்.
நாலு விரல் மேலே நின்றது.
பின்வாசலில் நாய் எழும்பி வாலை ஆட்டியது.
கொஞ்சம் பொறு என்றேன்,
இரண்டுக்கும்.